ஒற்றைப் பின்னல்

பெற்ற மகளை ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு என்ன விலை என்று கேட்டால் உலகத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பாதிவிலையார் சொல்வார். இரண்டு பேருக்கு ஏழு நாள் கப்பல் கட்டணம். ஜன்னல் இல்லாத அறை, சீசன் இல்லாத மாதம், முன்கூட்டியே கட்டியதற்குக் கழிவு போக, அவருடைய ஜவுளிக்கடையில் ஒரு நல்ல மாதத்து லாபம். அதற்குக் குறைந்து எங்கேயும் கிடைக்காது. அவர் ஏறி இறங்காத டிராவல்ஸ் இல்லை.

எந்தப் பொருளையும் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பவர் என்பதால் கடைத்தெரு வைத்த பெயர் அது. பாதிவிலை என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்; வயதாக ஆக, மரியாதைக்கு ஒரு 'யார்' சேர்த்து முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் விசா கொடுக்கும் ஜன்னலில் மட்டும் அந்தப் பட்டம் செல்லவில்லை. வெளிநாட்டில் இருந்த மகளுக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போன செய்தி வந்ததும் அவர் மனைவி விண்ணப்பம் போட்டார். இல்லை என்றார்கள். மறுபடியும் போட்டார். மறுபடியும் இல்லை. அங்கே பேரம் பேசுவதற்கு முகமே கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முத்திரைதான் இருந்தது. மகளுக்கோ இருந்த விடுப்பெல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே தீர்ந்திருந்தது. போனில் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாள். அந்த 'நல்லா'வைக் கேட்டுவிட்டு அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார்.

அப்போதுதான் சட்டைத்துணி எடுக்க வந்த டிராவல்ஸ்காரர் ஒரு பேச்சுக்குச் சொன்னார், கப்பலில் போகிறவர்கள் மகள் இருக்கும் ஊரின் துறைமுகத்தில் விசா இல்லாமலே பகலில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் ஏறிவிடலாம் என்று.

"ஏழு நாள் எதுக்குங்க? அந்த ஒரு நாள் மட்டும் தனியா என்ன விலை?" என்று கேட்டார் பாதிவிலையார்.

அப்படி உடைத்து விற்பதில்லையாம். முழுப் பீஸாகத்தான் எடுக்க வேண்டுமாம்.

இப்படியாகத்தான் அவர்கள் கப்பலேறினார்கள். மற்றவர்கள் நீச்சல் குளத்தில் மிதந்தார்கள், பாட்டுக்கு ஆடினார்கள். அம்மா மேல்தளத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, பஸ் வராத நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவரைப்போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் வந்த துறைமுகங்களில் இறங்கவேயில்லை.

"இறங்கிப் பாக்கலாம்ல? காசு குடுத்துருக்கோம்."

"அங்க யாரு இருக்கா?"

அவரும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த நாளும் வந்தது. முதல்நாள் ராத்திரியே கப்பலில் சுற்றுலா விற்கும் மேசைக்குப் போய் விசாரித்தார். கோட்டை, அருங்காட்சியகம், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பஸ் இருந்தது. மகள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ் இல்லை. மேசையிலிருந்த பெண் சிரித்த முகத்தோடு எச்சரித்தாள்: எங்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், சொந்தமாகப் போனால் காத்திருக்காது. மகளும் போனில் பாடம் எடுத்திருந்தாள். "கப்பல்லேருந்து கேட் வரைக்கும் நடக்க விட மாட்டாங்கப்பா, அவங்க வண்டி இருக்கும். கேட்டுக்கு வெளிய டாக்ஸி நிக்கும். எனக்கு ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும்தான் சாப்பாட்டு நேரம். கேட்ட காசைக் குடுத்துட்டு ஏறிடுங்க. பேரம் பேசாதீங்க. உங்க போன் கரையில வேலை செய்யாது, ஞாபகம் இருக்கட்டும். டாக்ஸி இல்லேன்னா எதிர்ல பஸ் இருக்கு, ஆனா அது சுத்தி வரும்."

"சரிம்மா, பேசல" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

இறங்கும் வரிசையே நெடுநேரம் பிடித்தது. அடுக்கி வைத்த இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே, தீப்பெட்டிகளுக்கிடையில் எறும்பு போவதுபோல அந்தச் சின்ன வண்டி ஊர்ந்தது. கேட்டுக்கு வெளியே டாக்ஸிகள் நின்றன. அதாவது, இரண்டு நின்றன. முன்னால் இறங்கியவர்கள் மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். முதல் டாக்ஸியின் மேல் சாய்ந்து நின்ற மீசைக்காரர் முகவரிச் சீட்டைப் பார்த்தார். கை விரல்களை நாலு தடவை விரித்துக் காட்டினார்.

பாதிவிலையாரின் கை, அவரைக் கேட்காமலேயே எழுந்து, இரண்டு தடவை விரிந்தது.

மீசைக்காரர் முடியாது என்று தலையசைத்தார். அடுத்து நடந்ததற்குக் கணவன் மனைவி இருவரில் யாரைக் குற்றம் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. கொள்முதலுக்குப் போகும் இடத்தில் அவர் பாதிக்குக் கேட்பார், வியாபாரி மறுப்பார், அந்த நொடியில் அம்மா "வேண்டாங்க, வாங்க போலாம்" என்று முகத்தைச் சுளித்து முதுகைக் காட்டி நடப்பார். அவர் மனசில்லாதவர்போலப் பின்னால் போவார். கடை வாசலைத் தாண்டுவதற்குள் "அண்ணே, வாங்க, பேசிக்கலாம்" என்று குரல் வரும். ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. திரும்பிப் பார்த்தவன் தோற்றான் என்பதுதான் ஆட்டத்தின் ஒரே சட்டம்.

அம்மா நடந்தார். அவர் பின்னால் போனார். இருவரும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் போய்விட்டார்கள்.

"இன்னும் கூப்பிடலையே" என்றார் அம்மா, உதடு அசையாமல்.

"கூப்பிடுவான். நட."

கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது. அவர்தான் முதலில் திரும்பினார். தொப்பி போட்ட ஒரு ஜோடியை ஏற்றிக்கொண்டு மீசைக்காரர் அவர்களைக் கடந்து போனார். இரண்டாவது டாக்ஸி அதற்கு முன்பே போயிருந்தது. இந்த ஊரில் முதுகைக் காட்டினால் போகிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதில் மறைபொருள் ஏதும் இல்லை.

அம்மா அந்தக் காலித் தரையைப் பார்த்தபடி நின்றார். கைப்பையை மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

பஸ் ஆடி அசைந்து வந்தது. மகள் சொன்னபடியே சுற்றியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, நிறுத்தமே இல்லாத இடத்திலும் நின்றது. ஒரு வாய்க்காலின் மேல் பாலம் இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொண்டது. கீழே ஒரு பாய்மரப் படகு சொகுசாகக் கடந்தது. தண்ணீர் வழியாக இந்த நாட்டுக்குள் வந்தவரைத் தண்ணீரே மறித்து நின்றது. பாதிவிலையார் படகுக்காரரைப் பார்த்தார். இந்த ஜென்மத்தில் யார்மீதும் அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"நான்தானே நடந்தேன்" என்றார் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"நான் பாதிக்குக் கேட்டதாலதானே நீ நடந்தே."

"நீங்க கேட்டா நான் நடக்கணுமா? எனக்கு அறிவு வேண்டாம்?"

"இல்லம்மா. இது என் கணக்குல எழுதிக்கறேன். நீ விடு."

அம்மா கைப்பையிலிருந்து எடுத்த கைக்குட்டையை அவர் கையில் வைத்தார். தன் கன்னம் நனைந்திருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே மகள் நின்றிருந்தாள், நீலச் சீருடையில், தலையை மூடும் துணித் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. சாப்பாட்டு நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. போனில் தெரியும் முகம் வேறு, இது வேறு. போனில் தோள் தெரியாது. அந்தத் தோள் இரண்டும் ஏதோ பாரத்தை இறக்கி வைத்த பிறகும் நிமிரத் தெரியாமல் இருந்தன.

அம்மா கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. மகளைப் பக்கத்து மரப் பெஞ்சில் உட்காரவைத்து, பின்னால் நின்று, கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்தார். கப்பலில் சாப்பாட்டுப் பொருள் எதையும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது என்றிருந்தார்கள். சீப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ரப்பர் பேண்டையும் எடுத்துக் கணவரிடம் நீட்டினார். "பிடிங்க." அவர் அவற்றைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு காவல்காரரைப்போல நின்றார்.

"முடி ரொம்பக் கொட்டுதும்மா."

"கொட்டட்டும். வரும்."

"எல்லாம் திரும்ப வருமா?"

சீப்பு ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. "இது வரும், கண்ணு" என்றார் அம்மா. அதற்கு மேல் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவின் விரல்கள் மட்டும் தலையின் ஒவ்வொரு இடத்தையும் தொட்டு ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தன. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டாக்ஸி கிடைக்கலையாப்பா?"

அப்பா மேகத்தைப் பார்த்தார்.

"பேரம் பேசினீங்களா?"

"நான் எங்க பேசினேன்? கைதான் விரிச்சேன். உங்கம்மா நடந்துட்டா."

"அவன் கூப்பிடலடி" என்றார் அம்மா. குரலில் இன்னும் நம்ப முடியாத தன்மை இருந்தது. "தெருமுனை வரைக்கும் போயிட்டோம். மூஞ்சியச் சுளிச்சேன்கூட. கூப்பிடவே இல்ல!"

மகள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. சிரிப்பு நடுவில் வேறு ஏதோவாகி, மறுபடியும் சிரிப்பாகி நின்றது. அம்மா பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அடிவரை பின்னி முடித்ததும் கையை நீட்ட, அவர் ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தார்.

அப்போதுதான் மூவரும் கவனித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பழக்கத்தில் அம்மா நடுவகிடு எடுத்திருந்தார். இடது பக்கம் இறுக்கமாக ஒரு பின்னல். வலது பக்கம் முடி அப்படியே விரிந்து கிடந்தது.

"ஐயோ, ரெட்டைப் பின்னலா போட்டேன்? அவுத்திடறேன், இரு..."

உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"வேண்டாம்மா. இருக்கட்டும்." மகள் பின்னலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "தொப்பிக்குள்ள போயிடும். யாருக்கும் தெரியாது." வலது பக்க முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தாள். பின்னலை மட்டும் பூப்போல மெதுவாக உள்ளே வைத்தாள். பிறகு போனை எடுத்து அவர்கள் திரும்பிப் போவதற்கு டாக்ஸி போட்டாள். காசும் தானே கட்டிவிட்டாள். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. மகள் அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்தாள், அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். கதவு அவளை வாங்கிக்கொண்டு தானாகச் சாத்திக்கொண்டது.

திரும்பும் டாக்ஸி பறந்தது. பாலம்கூட மூடியே இருந்தது. கப்பல் கிளம்ப இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. அவர்களிடம் கொட்டிக் கிடந்த நேரத்தை மகளின் நேரத்தோடு மாற்றிக்கொள்ள வழியில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு திட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். "இங்கயே இருப்போம். உள்ள போயிட்டா கப்பல். இது அவ ஊரு" என்றார் அம்மா.

ஒரு டாக்ஸி மெதுவாக வந்து எதிரே நின்றது. மீசைக்காரர். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இவர்களைப் பார்த்து விரல்களை விரித்தார். இரண்டே தடவை. வாருங்கள் என்று தலையை வேறு ஆட்டினார்.

"கூப்பிட்டுட்டான்" என்றார் அம்மா.

பாதிவிலையார் எழுந்து நின்று அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். மீசைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்.

வெகுநேரம் கழித்து, "என்ன, கணக்குப் பாத்தாச்சா?" என்று அம்மா கேட்டார்.

"ம்."

"சொல்லுங்க."

"வரவுல ஒரு சிரிப்பு. ஒரு பின்னல்."

"பாக்கி?"

அவர் கையை உயர்த்திக் காட்டினார். சுண்டுவிரலில் இரண்டாவது ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது.