தீக்குச்சிக்கு நாலு விரல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விரல் குறைந்துபோனதால் பிறந்தது.

நான் அனிமே தொடர் ஒன்றுக்குக் கதை வசனம் எழுதுகிறவன். படம் வரைகிறவள் ஒருத்தி இருக்கிறாள். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அழிரப்பர் என்று பெயர். கடைசி எபிசோடுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரமாகப் பார்த்து என் மேசைக்கு வந்து நின்றாள்.

“அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு. கோபப்படக் கூடாது.”

“சொல்லு.”

“தீக்குச்சிக்கு நாலு விரல்தான் இருக்கு.”

தீக்குச்சி எங்கள் கதாநாயகி. ஒல்லி உடம்பு, ஆரஞ்சு முடி. காற்றே இல்லாத அறையிலும் அந்த முடி பறக்கும். அது எங்கள் தொழில் தர்மம். முதல் எபிசோடிலிருந்து கையுறை போட்டே வருகிறாள். கடைசி எபிசோடில்தான் வெறும் கையைக் காட்டுகிறோம். கழற்றினால் உள்ளே கட்டைவிரலோடு சேர்த்து நாலு.*

“அப்பனுக்கு அஞ்சு, மகளுக்கு நாலா?” என்றேன்.

“அதான் அண்ணா தப்பு” என்று சொல்லிவிட்டு, என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

(* இது சோம்பேறித்தனம் இல்லை, தொழில் சூட்சுமம் என்பது அவள் கட்சி. ஒரு நொடி அசைவுக்கு எத்தனையோ படம் வரைய வேண்டும். ஒரு விரலைக் குறைத்தால் அத்தனை படத்திலும் ஒரு விரல் மிச்சம். கையுறைக்குள் யார் எண்ணப்போகிறார்கள்?)

2

நிற்க. உங்களுக்கு இன்னும் கதையே சொல்லவில்லை. ஆரம்பித்துப் பார்க்கிறேன்.

‘அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் நெருப்பு ஓடியது. தலைமுறை தலைமுறையாக—’

ஐயோ, வேண்டாம். டீசர் குரல் கேட்கிறது.

‘தீக்குச்சி அழுதுகொண்டே ஊருக்குள் நுழைந்தாள்—’

பொய். அவள் அழுதுகொண்டு எங்கேயும் நுழைகிற ஆள் இல்லை.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். தீக்குச்சியின் தாத்தா துறைமுகத்தை எரித்தவர். அப்பா கடைவீதியை எரித்தவர். இப்போது ஒரு பனிப்பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறார். எரித்த கதவிலெல்லாம் அப்பா தன் உள்ளங்கையை அழுத்தி, ஐந்து விரல் தடம் பதித்துவிட்டுப் போவார். ஏன் எரித்தாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “நான் எங்க எரிச்சேன்? நெருப்போட குணம் அது.” தாத்தாவும் அதையேதான் சொன்னார்.

மகளுக்கும் கை சுடும். நகரசபை ஒரு நிபந்தனை போட்டு அவளை ஊரில் இருக்கவிட்டது. கையுறை போட்டிருக்க வேண்டும். எதன் மீதாவது ஒரு சின்னக் கருகல் விழுந்தாலும் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். அவளுக்கோ போக வேறு ஊர் இல்லை. அதைவிட முக்கியம், இந்த ஊரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

அவள் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் தண்ணீர் வாளியோடு ஆள் நிற்கும். அவள் சிரித்துக்கொண்டே, “என்ன மாமா, செடிக்குத் தண்ணியா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். செடியே இல்லாத வீட்டிலும் கேட்பாள். வெட்கப்பட்டு இரண்டு பேர் செடி வாங்கி வைத்துவிட்டார்கள்.

3

அவளுக்கு நான் போட்டுவைத்திருந்த வேலை, ராட்சச எந்திரத்தோடு சண்டை. அவளுக்குப் பிடித்த வேலை, சலவைக்கடையில் இஸ்திரி.

(ஒரு பாத்திரத்துக்கு என்ன பிடிக்கும் என்பது எழுதுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எந்திரத்தோடு சண்டை எழுதிய பக்கமெல்லாம் சவசவ என்று இருந்தது. இஸ்திரி எழுதிய பக்கம் தானாக ஓடியது. அவ்வளவுதான் சாஸ்திரம்.)

சலவைக்கடை முதலாளியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். “பெட்டிக்குக் கரி அள்ளிப்போட்டு ஊதி ஊதி என் நெஞ்சே காஞ்சுபோச்சு. நீ பிடிச்சாலே பெட்டி சூடாகுதே, வா தாயி” என்று சேர்த்துக்கொண்டாள். தீக்குச்சி கையுறையோடு பெட்டியைப் பிடிப்பாள், பெட்டி பதமாகச் சூடேறும். ஆனால் காலர் முனை மட்டும் பெட்டிக்குப் படியாது. அதற்கு மட்டும், யாரும் பார்க்காதபோது, ஒரு கையுறையைக் கழற்றி விரல் நுனியால் நீவிவிடுவாள். ஊரில் எல்லாருடைய காலரும் கத்தி மாதிரி நின்றது. எப்படி என்று எவருக்கும் தெரியாது.

கடைவீதியில் தன் பூட்டுக்கடையைப் பறிகொடுத்தவர் ஒருவர் உண்டு. பல வருஷம் தள்ளுவண்டியில் பூட்டு விற்று, இப்போதுதான் மறுபடி கடை கட்டி முடித்திருக்கிறார். நாளைக்குத் திறப்பு. அதற்காகத் தன் ஒரே வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டிருந்தார்.

தீக்குச்சி அந்தக் காலரை நீவிக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா உள்ளே வந்துவிட்டாள். திட்டவில்லை. பாராட்டினாள். அதுதான் வினை.

“அடேங்கப்பா, கைன்னா இதுல்ல கை! இதே கையை வச்சுக்கிட்டு உங்கப்பன் என்ன வேலை பண்ணான் பாரு.”

அப்பன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் திடுக்கிட்டாள். தவறிய கை சட்டையின் முதுகில் அப்படியே பதிந்தது. எடுத்தபோது பழுப்பாக ஒரு கைத்தடம். ஊரே பார்த்துப் பயந்த தடம் மாதிரியே.

“எலி கடிச்சுடுச்சுன்னு சொல்லிடலாம்” என்றாள் முதலாளியம்மா, முகம் வெளிறி.

“எந்த எலிக்கு இவ்வளவு பெரிய கை இருக்கு?” என்றாள் தீக்குச்சி. சிரிக்கத்தான் பார்த்தாள்.

4

தயாரிப்பாளர் கேட்ட முடிவு: ஊர் அவளைத் துரத்துகிறது, அவள் ஊரை எரிக்கிறாள், பின்னணியில் பாட்டு. (இதை நான் எழுதவில்லை. எழுதுவதாகத் தலையாட்டியது மட்டும் உண்மை.)

என் முடிவு வேறு. அழிரப்பர் செய்த தப்பு இருக்கிறதே, அது வரமாக வந்தது. பூட்டுக்கடைக்காரர் சட்டையை விரிக்கிறார். தடத்தைப் பார்த்துப் பதறுகிறார். பிறகு எண்ணுகிறார். நாலு! அந்தக் குடும்பத்துத் தடம் ஐந்தாயிற்றே? இது இவள் வேலை இல்லை, எங்கேயோ யாரோ செய்தது. தீக்குச்சி பெருமூச்சு விடுகிறாள். சுபம்.

“அப்போ நான் எதையும் திருத்த வேண்டாமா?” அழிரப்பர் எழுந்து ஒரு சுற்று ஆடியே விட்டாள். அன்றைக்கு டீ அவள் செலவு.

மறுநாள் ஆட்டம் இல்லை. அவள் மேசையைச் சுற்றி ஒரே தாள் குப்பை.

“என்ன ஆச்சு?”

“தப்பிச்சுட்டோம்னு அவ மூச்சு விடுற முகம் இருக்குல்ல, அது வரமாட்டேங்குது அண்ணா. எப்படிப் போட்டாலும் அவங்கப்பா மூஞ்சிதான் வருது. நீங்களே பாருங்க.”

பார்த்தேன். அவளுடைய அதே கண், அதே ஆரஞ்சு முடி. ஆனாலும், நான் எங்க எரிச்சேன் என்று கேட்கிற முகம். எனக்குச் சுருக்கென்றது. ஐந்து விரல்காரனுக்கு நெருப்பு சாக்கு. நாலு விரல்காரிக்கு நான் விரலையே சாக்காக எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

5

இந்த இடத்தில் அழகாக ஒரு வாழ்க்கைத் தத்துவம் எழுதி வைத்திருந்தேன். அழிரப்பர் அழித்துவிட்டாள்.

6

தீக்குச்சி சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு, இரண்டு கையுறையையும் இஸ்திரி மேசையிலேயே விட்டுவிட்டு, பூட்டுக்கடைக்குப் போனாள். வழியில் யாரிடமும் செடியைப் பற்றிக் கேட்கவில்லை.

பூட்டுக்கடைக்காரர் ஏணி மேல் நின்று பலகை மாட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய வெறும் கையைப் பார்த்ததும் சுத்தியலோடு இறங்கி வந்தார்.

“மாமா, உங்க சட்டையைக் கருக்கிட்டேன்.”

அவர் விரித்தார். அந்தத் தடத்தைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கடை எரிந்த நாள் அவர் கண்ணுக்குள் வந்துவிட்டுப் போனது. பிறகு மெல்ல விரல் வைத்து எண்ணினார். திரும்ப ஒருமுறை எண்ணினார்.

“இதுல நாலுதானே இருக்கு? அவன் அடையாளம் அஞ்சு.” அவர் குரலில் கோபம் இல்லை. நல்ல மனுஷன், அவரே வழி தேடிக் கொடுத்தார். “அப்போ இது வேற எதுவோ. நீ இல்லன்னு சொல்லும்மா. நான் சபையில சொல்லிக்கிறேன்.”

எனக்கும் அந்த இடத்தில் ஆசைதான். ‘ஆமா மாமா’ என்று எழுதியும் வைத்தேன்.

“எண்ணாதீங்க மாமா” என்றாள். “நாலோ அஞ்சோ, அது என் கை. யாரும் பண்ணல, நெருப்பும் பண்ணல. நான்தான் பண்ணேன். வேணும்னு பண்ணல, ஆனா நான்தான்.”

அவள் பரம்பரையில் இதைச் சொன்ன முதல் ஆள் அவள். சொன்னதும் ஓடிவிடலாம்தான். ஆனாலும் நகரவில்லை.

7

அழிரப்பர் இந்த முகத்தை ஒரே மூச்சில் வரைந்துவிட்டாள், ஒரு கோடுகூட அழிக்காமல். அலுவலகமே வந்து வேடிக்கை பார்த்தது. இனி பூட்டுக்கடைக்காரரின் பதில் ஒன்றுதான் பாக்கி. தயாரிப்பாளர் அதைக் கேட்டுக் காலையிலிருந்து போன் மேல் போன். நான் எடுக்கவில்லை. மன்னிக்கிறார் என்று நான் எழுதினால் அது என் தயவு. துரத்துகிறார் என்றால் என் கொடுமை. அவளுக்கு இரண்டுமே வேண்டாம். கடை எரிந்த ஒருவர் சொந்தமாக யோசித்துச் சொல்கிற பதில்தான் வேண்டும்.

ஆகவே, அவர் இடத்தில் நீங்கள் கொஞ்சம் அந்தப் படியில் உட்காருங்கள். மடியில் சட்டை இருக்கிறது, தடம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. எதிரே அந்தப் பெண் நிற்கிறாள். விடிந்தால் கடை திறப்பு, போட்டுக்கொள்ள உங்களிடம் வேறு வெள்ளைச் சட்டை இல்லை.

பேசுங்கள்.