இருபத்தொரு டிகிரி மரியாதை

ஹெக்டன் ஊரின் கிளஃப் தெருவில் மேவிஸ் ஓல்ட்ராய்ட் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கதவு இருந்தது, ஜன்னல்கள் இருந்தன, கூரைகூட இருந்தது. காற்றுக்குத்தான் அந்த விவரத்தை யாரும் சொல்லவில்லை. நவம்பர் பிறந்ததும் யார்க்‌ஷயர் மேட்டு நிலத்திலிருந்து கிளம்பி வரும் அது, வாசல் கதவின் தபால் துளையில் நுழைந்து, கூடத்தில் ஒரு சுற்று சுற்றி, மாடிக்குப் போய்ப் படுக்கையை நலம் விசாரித்துவிட்டு, குளியலறை ஜன்னல் வழியே சாவகாசமாக வெளியேறும். வாடகை தராமல் அந்த வீட்டில் குடியிருந்தது அது ஒன்றுதான்.

மேவிஸுக்கு அறுபத்தேழு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மசித்தவள். கணவன் நார்மன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். போன குளிர்காலத்தில் அவன் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் மேவிஸைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு குளிர்காலம் அதே மாதிரி வீட்டுல கழிஞ்சா, அவர் தாங்குவார்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். அன்றிலிருந்து அவள் காலண்டரைப் பார்க்கவே பயந்தாள்.

வீட்டுக்காரர் மிஸ்டர் கிராப்ட்ரீக்கு அந்த ஊரில் பதினாலு வீடுகள் இருந்தன. அருமையான கம்பளிக் கோட்டு ஒன்றும் இருந்தது. கிளஃப் தெரு வீட்டுக்கு எப்போது வந்தாலும் அதைக் கழற்றியதே கிடையாது. வாசற்படிக்கு வெளியே நின்றே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார்.

"ஜன்னல் சட்டமெல்லாம் உளுத்துப் போச்சு, மிஸ்டர் கிராப்ட்ரீ. இடுக்குல விரல் நுழையுது."

"பழைய காலத்து வீடு, மேவிஸ்ம்மா. அதுக்குன்னு ஒரு அழகு இருக்குல்ல?"

"படுக்கையறைச் சுவர் பூரா பூஞ்சணம்."

"அது நீங்க மூச்சு விடுறதால வர்றது. ரெண்டு ஆளு ராத்திரி முழுக்க மூச்சு விட்டா சுவர் ஈரமாகத்தானே செய்யும்? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க."

"ஏற்கெனவே குளிர் தாங்கலையே."

"இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

மூச்சு விடுவதை நிறுத்த இருவருக்கும் வழி தெரியவில்லை. ஆகவே ஓட்டைகளை அடைக்க ஆரம்பித்தார்கள். நார்மனின் பழைய சாக்ஸ்கள் ஜன்னல் இடுக்குகளில் போயின. மேவிஸின் நைலான் காலுறைக்குள் கந்தல் துணியைத் திணித்து, கண்ணுக்கு இரண்டு பொத்தான் தைத்து, காற்றைத் தடுக்கக் கதவடியில் ஒரு துணிப் பாம்பைப் படுக்க வைத்தாள். சாப்பாட்டை மூடும் பிளாஸ்டிக் தாளைக் கண்ணாடிகளில் இழுத்து ஒட்டி, தலைமுடி காய வைக்கும் மிஷினால் சூடு காட்டி முறுக்கேற்றினான் நார்மன். கம்பளத்துக்கு அடியில் மூன்று வருஷத்துச் செய்தித்தாள், புகைபோக்கிக்குள் ஒரு தலையணை. அப்படியும் கூடத்தில் பன்னிரண்டு டிகிரிதான். காஸ் விற்கிற விலையில் ஹீட்டரை நினைத்தபடி போட முடியாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் போடுவார்கள். மீதி நேரம் போர்வையும் வெந்நீர்ப் பையும்தான்.

கடைசியில் மேவிஸ் நகராட்சிக்கு ஒரு புகார் எழுதிப் போட்டாள். அதை எழுத அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது. புகார் சொல்வது அவர்கள் தெருவில் கெட்ட பழக்கம். குடிப்பதையாவது மன்னிப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வருவார் என்று பதில் வந்தது.

இங்கேதான் மேவிஸ் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

ஒரு வெளியாள் வீட்டுக்கு வருகிறார். அதிகாரியோ, ஆண்டவனோ, வருகிறவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு அவமானம்? திங்கட்கிழமையே அவள் படுக்கையறைப் பூஞ்சணத்தை ப்ளீச் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு பூச்சு வெள்ளையும் அடித்துவிட்டாள். அதிகாரி பார்க்க வேண்டிய முக்கியமான சாட்சி அப்படிப் போய்ச் சேர்ந்தது. போர்வைகளையும் வெந்நீர்ப் பைகளையும் அலமாரிக்குள் ஒளித்தாள். செவ்வாய் விடிகாலை ஆறு மணிக்கு எல்லா ஹீட்டரையும் முழுசாகத் திருகினாள். அடுப்பில் இஞ்சி கேக் வேக ஆரம்பித்தது. பத்து நாளுக்கு வைத்திருந்த காஸ் ஒரே காலையில் புகைந்தது.

"என்னடி இது, ஸ்பெயினுக்கு வந்த மாதிரி இருக்கு!" என்று நார்மன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். சவரம் செய்து டையும் கட்டியிருந்தான்.

வந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். பெயர் ஷாஹீன் மிர்சா. பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவள். உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றினாள். ஐந்து நிமிஷத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினாள். வெப்பமானியைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். இருபத்தொன்று காட்டியது. ஜன்னலருகே கையை நீட்டிப் பார்த்தாள். நார்மனின் சாக்ஸ்கள் தங்கள் கடமையைச் செய்துகொண்டிருந்தன.

"குளிர்காலத்துல எப்படிங்க சமாளிக்கிறீங்க, மிஸ்டர் ஓல்ட்ராய்ட்?"

"குறை சொல்றதுக்கில்லம்மா" என்றான் நார்மன். "எங்களவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

"நெஞ்சுச் சளின்னு எழுதியிருந்தீங்களே?"

"அதுவா, சும்மா ஒரு இருமல்."

அவன் வாயில் கேக்கை அடைக்க முடியாதா என்று மேவிஸுக்குத் தோன்றியது. ஆனால் அவளும் என்ன செய்தாள்? "இன்னொரு துண்டு எடுத்துக்கோ கண்ணு, வெளியில ரொம்பக் குளிரு" என்றாள். அந்தப் பெண் இரண்டு துண்டு சாப்பிட்டாள், இரண்டு கோப்பை டீ குடித்தாள், குழப்பத்தோடு கிளம்பிப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. வீடு போதுமான வெதுவெதுப்புடன் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, நடவடிக்கை தேவையில்லை. அதன் நகல் கிராப்ட்ரீக்கும் போயிருந்தது. அன்றைக்கே காரில் வந்து இறங்கினார். கோட்டைக் கழற்றவில்லை, பல் மட்டும் முப்பத்திரண்டும் தெரிந்தது.

"நான் சொன்னா நம்பல. இப்ப நகராட்சியே சொல்லிடுச்சு பாத்தீங்களா, மேவிஸ்ம்மா? நம்ம வீடு கதகதன்னு இருக்குதாம்! இனிமே சும்மா சும்மா புகார் எழுதாதீங்க, என்ன?"

பத்து நாள் காஸை ஒரே காலையில் எரித்த பலன், அடுத்த ஒன்பது நாளும் ஹீட்டரைத் தொட முடியவில்லை. டிசம்பர் நடுவில் நார்மனின் உதடு நீலமானது. ஆம்புலன்ஸ் வந்தது.

வார்டில் மூன்றாம் வாரம் ஓரளவு தேறினான். அவனை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளோடு தலைமை நர்ஸ் வந்தாள்.

"வீடு கதகதப்பா இருக்குமா, நார்மன்?"

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நார்மன் புன்னகைத்தான். "குறை சொல்றதுக்…"

"வாயை மூடு!" என்றாள் மேவிஸ்.

நாற்பத்து நாலு வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"குறை இருக்குங்க, சிஸ்டர். அது வீடே இல்ல, ஐஸ் பெட்டி. இவரை அங்க அனுப்பினீங்கன்னா, அப்புறம் நேரா சுடுகாட்டுக்குத்தான் கொண்டு போகணும்." சொல்லி முடித்தாள். பயந்தபடி கூரை இடிந்து விழவில்லை. தெருக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் எதற்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே கோபம் வந்தது.

நர்ஸ், வீடு சரியாகும்வரை அனுப்ப மாட்டேன் என்று எழுதிக்கொண்டாள். மேவிஸ் அங்கிருந்தே ஷாஹீனுக்குப் போன் போட்டு, ஆறு மணிக்கு ஹீட்டரைத் திருகியதிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எங்கம்மாவும் அச்சு அசலா இதேதான் செஞ்சிருப்பாங்க" என்றாள் ஷாஹீன். "மறுபடி வர்றேன். வியாழக்கிழமை. ஆனா இந்தத் தடவை நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது. ஹீட்டர் கூடாது. அடைச்சு வச்சதையெல்லாம் எடுத்துடுங்க. கேக் கூடாது."

"சரி."

"டீயும் கூடாது."

"டீயுமா?"

"கெட்டிலைப் போடுவீங்க. அப்புறம் என்னைப் பாத்துப் பாவமா இருக்கும். உடனே ஹீட்டரையும் போட்டுடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

வியாழக்கிழமை காலை மேவிஸ் சாக்ஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிளாஸ்டிக் தாளைக் கிழித்தாள். புகைபோக்கித் தலையணை கரியோடு விழுந்தது. பொத்தான் கண் பாம்பைத் தூக்கி அலமாரியில் போட்டாள். சுவரில் அவள் அடித்த வெள்ளையை ஏற்கெனவே பூஞ்சணம் தின்று முடித்திருந்தது. பத்து நிமிஷத்தில் வீடு விசிலடிக்க ஆரம்பித்தது.

சட்டப்படி வீட்டுக்காரருக்கும் தகவல் போயிருந்ததால் கிராப்ட்ரீயும் வந்தார். முதல்முறையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஷாஹீன் வெப்பமானியை வைத்தாள். ஏழு. காற்று நுழையும் இடத்தைக் காட்டும் புகைக்குச்சி ஒன்றைப் பற்றவைத்து ஜன்னலருகே பிடித்தாள். புகை மேலே போகாமல் நேராகக் கிராப்ட்ரீயின் முகத்துக்குப் போனது. அவள் அறை அறையாகப் போய், சுவரைத் தொட்டு, படம் எடுத்து, எழுதிக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. மேசைமேல் டீயும் இல்லை, கேக்கும் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க மேவிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. திருட்டுப் பொருளோடு பிடிபட்டிருந்தால்கூட அவள் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டாள். எழுந்து போகத் துடித்த இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கிராப்ட்ரீயின் மூக்கு சிவந்து ஒழுகியது. அந்தக் கோட்டுக்கும் ஒரு எல்லை உண்டு போலிருக்கிறது.

"மேவிஸ்ம்மா," என்றார், பற்கள் தந்தியடிக்க, "சூடா ஒரு வாய் டீ கிடைக்குமா?"

"இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கங்க, மிஸ்டர் கிராப்ட்ரீ" என்றாள் மேவிஸ். "அப்புறம், ரொம்ப மூச்சு விடாதீங்க. சுவர் ஈரமாயிடும்."

ஷாஹீன் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு காகிதத்தைக் கிழித்துக் கிராப்ட்ரீயிடம் நீட்டினாள். இன்று மாலைக்குள் அவர் செலவில் ஓடுகிற தற்காலிக ஹீட்டர்கள், இருபத்தெட்டு நாளுக்குள் எல்லா ஜன்னலும் வாசல் கதவும் புதிதாக.

"வெள்ளிக்கிழமை நர்ஸுக்கு நானே போன் பண்றேன், மிஸஸ் ஓல்ட்ராய்ட். ஹீட்டர் சூட்டை வந்து அளந்துட்டு, அவரைக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லிடறேன்."

"கையெழுத்துப் போட்டாச்சா, கண்ணு?"

"போட்டாச்சு."

"இனிமே யாரும் மாத்த முடியாதே?"

"முடியாது."

மேவிஸ் எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டாள். அலமாரியைத் திறந்து கோப்பைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். கிராப்ட்ரீ நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளைத் தேய்த்தபடி மேசையைப் பார்த்தார்.

இரண்டு கோப்பைகள் இருந்தன.