முதல் பட்டன்

செல்போன் உடைப்பதில் மருதாசலத்துக்கு இணையான ஆள் ராசிபுரம் சாலையில் எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் கிடையாது. போர்வெல் வண்டியில் பதினெட்டு வருடம் சம்மட்டி பிடித்த கை. திங்கள்கிழமைதோறும் கொடிக்கம்பத்தடியில், மாணவர்களிடம் பிடித்த போன்களை வரிசையாக வைத்து, போனுக்கு ஓர் அடி. இதற்குக் கல்லூரி தந்திருந்த பதவி, ‘ஒழுக்க மேம்பாட்டு அலுவலர்’. மகள் கல்யாணப் பத்திரிகையில் அதை அப்படியே அச்சடித்துவிட்டார்.

அவரைத்தான் சேர்மன் காளியண்ணன் கூப்பிட்டார்.

“மருதா, தரச்சான்று குடுக்கற குழு வருது. பசங்கள ஊட்ல இருந்து போன் கொண்டாரச் சொல்லு. பெரிய கிளாஸ்ல பாடம் நடக்கறப்பவே புள்ளைங்க போன்ல கருத்துச் சொல்லோணுமாமா. திரையில தெரியுமாமா.”

“என்ன கருத்துங்க?”

“அது நமக்கெதுக்கு? எந்தக் கேள்வின்னாலும் மொதப் பட்டன். அதுதான் ‘ரொம்ப நல்லாருக்கு’. ஒருத்தன் மாத்தி அமுக்குனாலும் நாளைக்கு நம்ம கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போயிரு.”

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

மூன்று நாள் பயிற்சி நடந்தது. இருநூற்று நாற்பது பேர். கேள்வியைப் படித்தவனுக்கு முதுகில் ஒரு பிரம்படி, யோசித்தவனுக்கு இரண்டு. பிரம்பு முறிந்ததும் மைக் வயர். கதிர்வேல் என்பவன் இரண்டாவது பட்டனைத் தொட்டு, உதட்டில் மூன்று தையல் வாங்கினான். மாற்றி அமுக்கினால் திருத்தவும் வசதி உண்டு என்பதை அன்றைக்கு எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

குழு வந்தது. ஆறு கேள்வி. ஆறிலும் முதல் பட்டனின் பச்சைப் பட்டை திரையின் உச்சியைத் தொட்டது. சேர்மன் ஏலக்காய் மாலையைத் தடவிக்கொண்டார். குழுத் தலைவியான வடநாட்டு அம்மாள், “நானும் ஒன்று கேட்கட்டுமா?” என்று கேட்டு, ஆங்கிலத்தில் ஒரு கேள்வியைத் தட்டினார்.

இங்கே உங்களை யாராவது அடிக்கிறார்களா? முதல் பட்டன், ஆம். இரண்டாவது, இல்லை.

மருதாசலத்துக்கு இங்கிலீஷ் ஓடாது. எண் ஓடும். பச்சை 239. சிவப்பு 1. மேடையில் சேர்மனின் முகம் வெளுத்திருந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் என்று மருதாசலம் முடிவு கட்டினார்.

கடைசி வரிசையில், கதிர்வேலின் போனில் சிவப்பு.

சட்டையைப் பிடித்துத் தூக்கி அறைந்த சத்தம் மைக் இல்லாமலே மேடைக்குப் போனது. தையல் பிரிந்தது. மேசை விளிம்பில் மூக்கு மோதி, ரத்தம் போன்மேல் கொட்டியது.

“மொதப் பட்டன்னு எத்தனை தடவைடா சொன்னேன்?”

“உங்களுக்காகத்தானுங்க சார் மாத்தி அமுக்குனேன்...”

வயிற்றில் ஒரு குத்து விழுந்தது. கதிர்வேல் போனைச் சட்டையில் துடைத்து, முதல் பட்டனை அமுக்கினான்.

திரையில் பச்சை 240.

மருதாசலம் விரல் முட்டியை வேட்டியில் துடைத்தபடி மேடையைப் பார்த்தார்.

“இப்ப முழுசா வந்துருச்சுங்க.”