பகல் பன்னிரண்டு மணிக் கணக்கெடுப்பு

ஒச்சம்மாளுக்குத் தம்பி வினோத் மேல் அப்படியொரு நம்பிக்கை. அவன் பகலை இரவென்று சொன்னால் எழுந்து போய் விளக்கேற்றுவாள்.

ஹட் பே என்ற தீவு ஊரில் பழைய எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி அவளுக்கு ஒரு காய்கறித் தோட்டம். எண்ணெய்ப்பனை உறிஞ்சிப் பாழாக்கிய மண் அது. ஓரத்தில் ஒரு சதுப்பு மட்டும் எப்படியோ உயிர் பிழைத்துக் கிடந்தது. அதில் தண்ணீர் நின்றால்தான் அவள் கிணறு ஊறும். மூன்று வருடமாக நீர்க்கோழி, மீன்கொத்தி, கொக்கு என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருந்தன. விடியற்காலையில் அங்கே போய் நின்றால் சத்தத்தில் காது அடைத்துப் போகும்.

வினோத் ஒரு சர்வே கம்பெனியில் வேலை பார்த்தான். ஒருநாள் கட்டுத் தாள்களோடு வந்தான்.

"அக்கா, பறவை இருந்தா தண்ணியும் மண்ணும் நல்லாருக்குன்னு அர்த்தம். பன்னிரண்டு நாள் எண்ணி எழுதிக் குடு. சதுப்பக் காப்பாத்திரலாம்."

"அதுக்கென்ன, காலையில போயி எண்ணிர்றேன்."

"காலையில வேணாம். மதியம் பன்னிரண்டுக்கு. ஆபீஸ் ரூல் அது."

"அந்த வெயில்ல எந்தப் பறவைடா வெளிய வரும்?"

"நீ எழுதுக்கா. நேரத்த மட்டும் விட்டுரு, நான் போட்டுக்கறேன்."

படித்தவன் சொல்கிறான், அதுவும் கூடப்பிறந்தவன். நம்பினாள், பாவி மகள்! பன்னிரண்டு நாளும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மொட்டை வெயிலில் நின்றாள். மொத்தமே நாலு மைனா. பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பஞ்சாயத்து ஹாலில் கூட்டம். மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று அந்தச் சதுப்பில் குடோன் கட்டப் போகிறதாம். அதிகாரி அறிக்கையைப் படித்தார்.

"காலை ஆறு மணிக்கு, பன்னிரண்டு நாள் கணக்கெடுத்ததில் நாலு மைனா மட்டுமே. சதுப்பு செத்துவிட்டது. மண் போட்டு மூடுவதால் நஷ்டமில்லை. கணக்கெடுத்தவர், உள்ளூர்வாசி ஒச்சம்மா."

ஹாலே திரும்பி அவளைப் பார்த்தது. "தீதி, நீங்களா எழுதினீங்க?" என்று அக்கா முறை வைத்துப் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் கேட்டாள். ஒச்சம்மா எழுந்து போனாள். சுவரோரம் நின்ற வினோத்தின் சட்டையைப் பிடித்தாள்.

"ஆறு மணின்னு எவன்டா எழுதுனது?"

"மெதுவா பேசுக்கா. ரிப்போர்ட் அப்படி வந்தாத்தான் வேலையப் பெர்மனன்ட் ஆக்குவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"என் கிணறு வத்திரும்டா! அது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைய எழுத வச்ச? ஊருல வேற ஆளே கெடைக்கலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வேற யாரு எழுதுனாலும் ஊரு நம்பாதுக்கா. ஒச்சம்மா பொய் சொல்லாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

அவள் கை தானாகச் சட்டையை விட்டது. திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. இனி அவனிடம் பேச என்ன இருக்கிறது? நேரே மேடைக்குப் போய் அதிகாரி கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"அக்கா, வேணாம்க்கா, என் வேலை போயிரும்!" என்று பின்னாலிருந்து கெஞ்சினான் வினோத்.

"அந்தா நிக்கிறானே, அவன் என் கூடப்பிறந்த தம்பி" என்றாள் ஒச்சம்மா. "அவன் எழுதுன நேரம் பொய்."