சாவி யார் பையில்

என் சகலையின் வலது கையில் மோதிர விரல் இல்லை, நடுவிரல் பாதி. மெஷின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். பெல்ட் ஒரு பாவமும் அறியாது. நான்தான் சாவியைத் திருகினேன்.

அவர் கல்லூரி மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். நான் அங்கேயே மெக்கானிக். அக்காவை அவரும் தங்கையை நானும் கட்டியிருப்பதால் எங்கள் ஷெட்டுக்குள் மாமனார் வீட்டு அரசியலும் சேர்ந்து நடக்கும். ஷெட்டுச் சுவரில் ஓர் ஆணி உண்டு. அவர் உள்ளே இருந்தால் தொப்பி அதில் தொங்கும், கிளம்பினால் தலையோடு போய்விடும். ஆளைத் தேட வேண்டியதில்லை, ஆணியைப் பார்த்தால் போதும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஆணியில் தொப்பி இல்லை. ஆள் கிளம்பிவிட்டார் என்று சீட்டில் ஏறி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பார்க்கலாமே என்று சாவியைத் திருகினேன். அவர் அந்தப் பக்கம் மண்டியிட்டு, மெஷினுக்கு அடியில் அப்பியிருந்த ஈரப் புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தரை குத்துகிறது என்று தொப்பியை மடித்து முழங்காலுக்குக் கீழே வைத்திருந்தார். பிளேடைச் சுற்றவிடும் லீவர் போட்டபடியே இருந்தது. லீவர் அப்படி இருந்தால் எஞ்சினைக் கிளம்பவிடாத சுவிட்ச் ஒன்று உண்டு. அதைத் தொல்லை என்று கம்பி போட்டு முடக்கியவனும் நானே. ஆக எல்லா மகிமையும் என்னையே சேரும்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மரியாதை கூடிவிட்டது, கிண்டல் நின்றுவிட்டது. நான் பக்கத்தில் நிற்கும்போது அவர் ஒரு தடவைகூட மெஷினுக்குள் கை விட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன்.

நேற்று அவராகவே வந்து கூப்பிட்டார்.

"கொஞ்சம் வரீங்களா? பிளேடு கழட்டணும், நட்டு மசிய மாட்டேங்குது."

போனேன். மெஷினின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கனமான கட்டைகள்மேல் உட்காரவைத்திருந்தார். எஞ்சின் கிளம்பவே முடியாதபடி பிளக் ஒயரைக் கழற்றி, துணி சுற்றி, தள்ளிக் கட்டியிருந்தார். அந்தச் சுவிட்சையும் எப்போதோ சரிசெய்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தபடி தன் சட்டைப் பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கே இருந்தது. முறை அதுதான். ஆனாலும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அவர் தோல் கையுறை மாட்டி, பிளேடு சுற்றாதபடி அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடித்தார். நான் வெளியிலிருந்து நீள ஸ்பேனரில் என் எடை முழுவதையும் போட்டேன். மூன்றாவது முறை தம் கட்டியபோது நட்டு வழிக்கு வந்தது. அடுத்த பிளேடின் நட்டும் அப்படியே.

முதல் பிளேடு மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். வைஸில் இறுக்கி, பழைய சாய்வு மாறாமல் ஒரே திசையில் அரம் போட்டேன். நடு ஓட்டையை ஆணியில் மாட்டினோம். அதே தொப்பி ஆணிதான். இடப்பக்கம் தாழ்ந்தது. அந்தப் பக்கம் இன்னும் நாலு இழுப்பு இழுத்ததும் தராசு மாதிரி நேராக நின்றது. இரண்டாவது பிளேடில், புல்லை மேலே தூக்கிவிடும் வளைந்த ஓரம் காகிதமாகத் தேய்ந்து, அடியில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது.

"இதையும் தீட்டிப் போட்டுடலாமா?" என்றேன்.

"உடைஞ்சு பறந்தா யார் காலுக்குப் போகும்னு தெரியாது. ரெண்டையும் புதுசாவே போட்டுடலாம்."

"அப்ப நான் இவ்ளோ நேரம் அரம் போட்டது?"

"தொப்பை குறையும்."

மூன்று வருடத்தில் முதல் கிண்டல். எனக்குச் சிரிக்கக்கூடத் தெரியவில்லை.

புது பிளேடை மாட்ட, ஒருவர் அடியில் கை விட்டுத் தாங்கிப் பிடித்து, நட்டை விரலால் ஏற்ற வேண்டும். அவர் கைக்கு அந்தப் பிடி கிடையாது. நான் கையுறை போட்டுக்கொண்டு படுத்தேன். அவர் சீட்டுப் பக்கம் நின்றார். என் கை உள்ளே போக மறுத்தது. பிளக் ஒயர் கழன்று கிடப்பது எனக்குத் தெரியும், என் கண்ணெதிரேதான் கிடந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

அவர் சுற்றி வந்து என் பக்கத்தில் குந்தினார். தன் பையிலிருந்து சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

"இருக்கட்டும் சகலை, உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றேன்.

"யாரு கை உள்ள இருக்கோ, அவன் பையிலதான் சாவி இருக்கணும்."

சாவி விழாமலிருக்க, விரல் போன அந்தக் கையாலேயே என் பையின் பட்டனைப் போட ஆரம்பித்தார். பட்டன் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"சகலை, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆடாம படு. பட்டன் இன்னும் மாட்டல," என்றார்.