மஞ்சள் மூடிய கால்

போர்வையை விலக்கிய தாதி சுரேகா அப்படியே நின்றுவிட்டாள்.

"கோடு எங்க?"

கட்டிலோரம் நின்ற தனலெட்சுமி மஞ்சள் படிந்த விரல்களை முந்தானையில் மறைத்தாள். அவள் கணவன் தம்புசாமி, கிள்ளானில் லோரி ஓட்டுபவர். சர்க்கரை வியாதி, இனிப்பு நீர் உள்ள உடம்பு. தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பத்துமலை ஏறி, உள்ளங்காலில் எதையோ மிதித்துவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் கால் தூணாக வீங்கி, மருத்துவமனையில் சேர்ந்தார். இன்று காலை பத்து மணிக்குச் சுரேகாதான் சிவப்பு முடிகிற இடத்தில் நீலப் பேனாவால் வளைத்துக் கோடு போட்டு, நேரம் எழுதிவிட்டுப் போனாள்.

இப்போது மணி ஒன்று. பாதித் தொடை வரை ஒரே மஞ்சள்.

"நாந்தான் மிஸ்ஸி. எரியுது எரியுதுன்னாரு. மை கறைய தொடைச்சிட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சத போட்டேன். இருவது வருசமா எங்க காவடிக் குழுவுல எல்லார் புண்ணுக்கும் நாந்தான் போடுறேன். ஒருத்தருக்கும் கெட்டுப்போனதில்ல."

"தேதி போட்டு ஒட்டுன ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர கிழிச்சிட்டா லா," என்றார் தம்புசாமி. சிரிக்கப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"அக்கா, அது கறை இல்ல. சிவப்பு அந்தக் கோட்ட தாண்டுனா மருந்து கேக்கலன்னு அர்த்தம். மூணு மணிக்கு டாக்டர் அத பாத்துத்தான் ஆபரேஷன் வேணுமா, வேணாமான்னு முடிவு பண்றதா இருந்தாரு."

திட்டு விழும் என்று தனலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். விழவில்லை. சுரேகா திரையை இழுத்து மூடினாள். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்தாள். விழுது போனது. சாயம் போகவில்லை. எது சிவப்பு, எது மஞ்சள் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

சுரேகா கையுறையைக் கழற்றினாள். கை கழுவினாள். கண்ணை மூடிக்கொண்டு, புறங்கையை அவர் தொடைமேல் வைத்தாள்.

அங்கிருந்து கீழே, விரல்கடை விரல்கடையாக, கை இறங்கியது. வெளியே வருகையாளர்களின் பேச்சும் தள்ளுவண்டிச் சத்தமும். அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. முழங்காலுக்கு மேலே கை நின்றது.

"இங்கேருந்து கொதிக்குது." ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. "காலையில முழங்காலுக்கு நாலு விரல் கீழ இருந்துச்சு."

பிறகு ஆடுசதையை நுனிவிரலால் தொட்டாள். வெறும் தொடல்தான். இருபது டன் சரக்கோடு மலைப்பாதையில் லோரியை இறக்குகிற மனிதர் அலறிவிட்டார்.

"அங்க புண்ணு ஒண்ணும் இல்லையே மிஸ்ஸி?"

"அதான் அக்கா எனக்குப் பயம். மேல தோலு கிழியல, வலி மட்டும் இவ்வளவு." விரல் மீண்டும் மெல்ல அழுந்தியது. "உள்ள நொறுநொறுங்குது. சதை அழுகி உள்ள காத்து சேருது."

அடுத்த நிமிடம் தொலைபேசி அவள் காதில் இருந்தது. டாக்டர் கிரிதரன் மறுமுனையில் என்ன சொன்னாரோ, இவள் சொன்னது மட்டும் கேட்டது.

"மூணு மணி வரைக்கும் இந்தக் கால் தாங்காது, டாக்டர். இப்பவே வாங்க."

வந்தார். அவள் காட்டிய இடத்தில் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். கட்டில் அறுவைக்கூடத்தை நோக்கி உருண்டது.

தனலெட்சுமி வெளியே உட்கார்ந்திருந்தாள். காலோடு வருவாரா? ஒன்றரைக் காலோடு வருவாரா? இத்தனை வருடம் புண்களைத் தொட்டவள்தான் அவளும். ஆனால், தொட்டுக் கேட்க முடியும் என்று இன்றுதான் தெரிந்தது.

நாலரை மணிக்கு டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டே வந்தார்.

"அழுகுன சதைய எடுத்துட்டோம். கால் இருக்கு, ஆன்டி. ஒரு மணி நேரம் லேட்டாயிருந்தா தொடையோட போயிருக்கும்."

சாயங்காலம் வார்டில், கட்டுக்கு வெளியே ஐந்து விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சுரேகா அவற்றின் மேல் புறங்கையை வைத்தாள்.

"அங்கிள், ஆட்டுங்க பாப்போம்."

பெருவிரல் அசைந்தது. தனலெட்சுமியின் கண் அதில் நிற்கவில்லை. அந்தக் கையிலேயே நிலைத்துவிட்டது.