ஏழாவது சீட்டு

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் உட்காரும் அம்மாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேலை கேட்டு வாராவாரம் வந்து நிற்கும் அந்த மெக்கானிக்கை ஆறு கம்பெனிக்கு அனுப்பியாயிற்று. ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல 'தகுதியில்லை' என்று எழுதிச் சீட்டைத் திருப்பிவிட்டார்கள். ஏழாவதும் திரும்பினால் அவருடைய பதிவு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அடுத்த அழைப்புக்கு இரண்டு வருஷமாவது ஆகும். எட்டு மாதமாக மனைவியின் தையல் மிஷின்தான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது.

தகுதிக்கு என்ன குறைச்சல்? இருபது வருஷம் மில் மோட்டாரோடு மல்லுக்கட்டியவர். வாயைத் திறக்கமாட்டார், அவ்வளவுதான். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று எவனாவது கேட்டுவிட்டால் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாராம்.

"ஏங்க, ரெண்டு வார்த்தை பேசினா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"வரமாட்டேங்குது மேடம்."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டு அன்று காலைதான் கடிதம் வந்திருந்தது. அம்மா அறிமுகச் சீட்டை எடுத்தாள். அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அவளுடைய பதினாறு வருஷ சர்வீஸில் யாரும் அதில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. அம்மா எழுதினாள்: 'இவரிடம் எதையும் கேட்க வேண்டாம். ஓடாத மிஷினைக் காட்டவும்.'

படித்ததும் மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போயிற்று. "என்னை ஊமைன்னே எழுதிட்டீங்களே மேடம்!"

"அட, கோபமெல்லாம் வருதே! கிளம்புங்க, கிளம்புங்க."

அனுப்பிவிட்டாளே தவிர, கண் அடிக்கடி போன் பக்கமே போயிற்று. தன் கிறுக்கலால் அந்த மனுஷன் கடைசிக்குப் போய்விட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

மூன்றரை மணிக்குச் சலவைக்கூட மேலாளர் போன் செய்தார்.

"என்னம்மா ஆளை அனுப்பியிருக்கீங்க?"

அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாலு நாளாப் படுத்துக் கிடந்த மிஷின்மா! காதை வச்சுக் கேட்டாரு, கழட்டினாரு, மாட்டினாரு, ஓடுது. எப்ப வேலைக்கு வர்றீங்கன்னா பதிலே இல்ல. அடுத்த மிஷினைக் கழட்டிக்கிட்டு இருக்காரு. ஆளை நாங்களே வச்சுக்கறோம்."

அம்மா மெக்கானிக்கின் பதிவு அட்டையைத் தேடி எடுத்து 'பணியமர்த்தப்பட்டார்' என்ற முத்திரையை ஓங்கிக் குத்தினாள். கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை ஜன்னலைத் திறந்தாள். வாரம் தவறாமல் முதல் ஆளாக நிற்கும் அந்த மனுஷன் இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. "இனிமே இந்தப் பக்கமே வந்துடாதீங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

முன்னால் நின்ற பெண் மிரண்டுபோனாள். "என்னையா மேடம் சொல்றீங்க?"

"உங்களையுந்தாம்மா. சீக்கிரமே வராமப் போகணும். கிட்ட வாங்க, என்ன வேலை தெரியும்?"